பழைய பாஞ்சோவை அரை நிமிடம் வாசித்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்?

நீங்கள் பார்த்த காணொளியில் ஐந்தாறு புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஒரு வகை) கலைஞர்கள் வட்டமாக நின்று ஒரே பாஞ்சோவைக் கைமாற்றி வாசிக்கிறார்கள். ஆளுக்கு அரை நிமிடம்கூட இல்லை. ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் தலையை ஆட்டுகிறார், இன்னொருவர் வாயே திறக்காமல் அடுத்தவரிடம் நீட்டிவிடுகிறார். 1930களில் செய்தது, விலை ஒரு வீட்டுக்குச் சமம் என்று பேசிக்கொள்கிறார்கள். "அந்த அரை நிமிடத்தில் அவர்களுக்கு அப்படி என்னதான் தெரிகிறது? பழசு என்ற மயக்கம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கும் நீங்கள் எதை வாங்குவது என்பதையும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை உங்கள் சந்தேகம் இதுதான்: அந்தக் கருவியில் நிஜமாகவே ஏதோ இருக்கிறதா, இல்லை அதன் விலையைத்தான் அவர்கள் காதால் கேட்கிறார்களா?

பதில் சொல்லுமுன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வட கரோலினாவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பிழைப்பு கணினியில். சனி ஞாயிறுகளில் தந்தி வாத்தியங்கள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். பாஞ்சோவுக்கு செட்டப் செய்வதுதான், அதாவது பாகங்களைச் சரியாகப் பொருத்தி இறுக்கி ஒலியைச் சீராக்குவதுதான், பெரும்பாலும் என் பங்கு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கிப்சன் நிறுவன பாஞ்சோக்கள் பதினைந்து வரை என் மேசைக்கு வந்து போயிருக்கும். நான் சேகரிப்பாளன் இல்லை, மேடையில் வாசிப்பவனும் இல்லை. திருகாணி முடுக்குகிறவன் பார்வையில் தெரிவதைத்தான் சொல்ல முடியும்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். தட்டச்சுப் பொறி மாதிரி விசைகளை அமுக்கி வாசிக்கும் புல்புல்தாராவையும் நம்மில் பலர் பாஞ்சோ என்றே சொல்வார்கள். இது வேறு. வட்டமான மரச் சட்டத்தின்மேல் தோல் இழுத்துக் கட்டி, நீளமான கழுத்து வைத்த அமெரிக்க வாத்தியம் இது. வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்துகொண்ட வாத்தியங்களிலிருந்து வளர்ந்தது. ஐந்தாம் தந்தி மட்டும் மற்றவைபோல் கழுத்தின் நுனியில் தொடங்காமல் ஐந்தாம் மெட்டின் (வீணையில் இருப்பதுபோல் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) பக்கத்தில் தொடங்கும். கட்டைவிரல் விடாமல் மீட்டிக்கொண்டே இருக்கும் அந்தக் குட்டைத் தந்தியும் அங்கிருந்து வந்த சொத்துதான்.

தந்தியின் அதிர்வு குதிரை வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. குதிரை என்பது மூன்று கால் வைத்த மேப்பிள் துண்டு; தலையில் மெல்லிய கருங்காலிப் பட்டை, எடை இரண்டு கிராம் சொச்சம். அதை ஒட்டுவது கிடையாது. தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அதன் அடியில் 11 அங்குலத் தோல். முன்பு கன்றுத் தோல். 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் தோல் வந்த பிறகு பெரும்பாலானவர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். பறையைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்தவருக்கு நான் விளக்கவே வேண்டாம், தோலின் இறுக்கம்தான் பாதிச் சங்கதி. கன்றுத் தோல் காலத்தில் மழை வந்தால் பாஞ்சோ தொய்ந்துவிடும்.

தோலுக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு வார்ப்பு வளையம் உட்கார்ந்திருக்கும். டோன் ரிங் என்பார்கள். செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த வெண்கல இனம். நாம் பேசப்போகிற ஃபிளாட்ஹெட் வகை வளையம் மட்டுமே ஏறக்குறைய 1.4 கிலோ இருக்கும். சுற்றிலும் 24 கொக்கிகள் தோலை இழுத்துப் பிடிக்கின்றன. பின்னால் கிண்ணம்போல் ஒரு மர மூடி, அதுதான் ரெசனேட்டர். சத்தத்தை முன்பக்கம் திருப்பி அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்தால் ஐந்து கிலோவுக்குக் குறையாது. அதைத் தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் நிற்கிறவரின் முதுகு ஒரு தனிக் கதை.

1930கள் ஏன் என்பதற்கு வருகிறேன். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் இருந்த கிப்சன் நிறுவனம் 1925இல் மாஸ்டர்டோன் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் சில வருடங்கள் ஓடிய வளையத்தில் உள்விளிம்பு உயர்ந்திருக்கும். தோல் அதன்மேல் மேடுகட்டி நிற்பதால் அதிரும் வட்டம் சிறுத்து, சத்தம் ஊசி மாதிரி வரும். புளூகிராஸ் கலைஞர் ரால்ஃப் ஸ்டான்லியின் பாஞ்சோ ஒலி அந்த ரகம். 1930ஐ ஒட்டி வந்தது ஃபிளாட்ஹெட். அதில் மேடு கிடையாது. தோல் வெளிவிளிம்பு வரை முழுதாக அதிரும். அடிநாதம் கூடியது, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கனம் வந்தது.

வந்த நேரம்தான் சரியில்லை. அதுவரை கிப்சன் விற்றதில் பெரும்பகுதி ஜாஸ் நடனக் குழுக்களுக்கான நான்கு தந்தி டெனர் பாஞ்சோ. அந்த இடத்தை கிட்டார் பிடித்துக்கொண்டது. கூடவே பெரும் பொருளாதார மந்தம். ஐந்து தந்தியை அப்போது கேட்டு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். பிறகு போர் வந்து உலோகத்துக்குத் தட்டுப்பாடு. ஆக, ஃபிளாட்ஹெட் வளையத்தோடும் ஐந்து தந்திக் கழுத்தோடும் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தவை மிகமிகக் குறைவு. ஸ்டைல் 3 என்று விற்ற மாடலின் விலையைக் குறைத்து 1937இல் ஆர்பி-75 என்று பெயர் மாற்றினார்கள். 75 என்பது டாலர் கணக்கு. இன்று அதே பாஞ்சோ எல்லா உறுப்பும் அசலாக வந்தால் விலை ஒரு லட்சம் டாலரையும் தாண்டக்கூடும். டெனராகப் பிறந்து, பின்னால் ஐந்து தந்திக் கழுத்து மாட்டப்பட்டவை அதைவிட மலிவு. மலிவு என்றாலும் பல பத்தாயிரம் டாலர்.

அரிதாக இருப்பது மட்டும் போதாது, அரிய குப்பைகளும் உண்டு. இந்த பாஞ்சோக்களுக்கு மவுசு வரக் காரணம் ஒரு மனிதர். வட கரோலினாவின் கிளீவ்லண்ட் கவுன்ட்டியில் 1924இல் பிறந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் பிக் (தந்தியை மீட்டும் செயற்கை நகம்) மாட்டிக்கொண்டு சுரங்களை இடைவெளியில்லாமல் உருட்டிவிடும் முறை அந்தப் பக்கத்தில் அவருக்கு முன்பே இருந்தது. அதைத் தீட்டி, 1945 டிசம்பரில், புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து உலகத்துக்குக் காட்டியவர் அவர். 1948இல் அதே குழுவின் பாடகர் லெஸ்டர் ஃபிளாட்டும் அவரும் மன்றோவை விட்டு விலகினார்கள். அடுத்த வருடம் 'ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன்' என்ற அவருடைய பாஞ்சோ மெட்டு ஒலிப்பதிவானது. பாஞ்சோ கற்கும் எவரும் இன்றைக்கும் அதில் மூச்சுமுட்டித்தான் வெளியே வருகிறார்கள்.

அவர் கையிலிருந்தது கிரனாடா என்ற கிப்சன் மாடல், உள்ளே 9584-3 என்று எண் போட்டது. அவருக்கு முன் அது ஸ்னஃபி ஜென்கின்ஸ், பிறகு டான் ரீனோ என்ற இரண்டு பாஞ்சோ கலைஞர்களிடம் இருந்தது. ஜென்கின்ஸ் அதை ஓர் அடகுக் கடையில் பிடித்தார் என்று சொல்வார்கள். ரீனோவும் ஸ்க்ரக்ஸும் பாஞ்சோவுக்கு பாஞ்சோ மாற்றிக்கொண்டபோது, ரீனோவின் கிரனாடா பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்ததாம். இருந்தும் ஸ்க்ரக்ஸ் தன் பாஞ்சோவோடு ஒரு மார்ட்டின் கிட்டாரையும் மேலே வைத்துக் கொடுத்தார் என்கிறது கதை. இரண்டு பேருமே அந்த வட்டத்தின் தலைசிறந்த கைகள். நீங்கள் பார்த்த காணொளியின் ஆதிக் காட்சி அதுதான் என்று எனக்குத் தோன்றும். அழுக்கேறிய ஒன்றைக் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு, மேலே ஒரு கிட்டாரும் கொடுத்து வாங்கிப் போகிற அளவுக்கு ஏதோ ஒன்று அவர் கையில் பட்டிருக்கிறது.

என்ன பட்டது? நான் கூட நின்று பார்த்த ஒரு ராத்திரியைச் சொன்னால் விளங்கும். வர்ஜீனியாவில் கேலக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1935இலிருந்து ஆகஸ்டில் பிடில் விழா நடக்கிறது. மேடையை விட்டுத்தள்ளுங்கள், வண்டிகளும் கூடாரங்களும் நிற்கிற புல்வெளியில்தான் நல்ல வாசிப்பு கேட்கும். பத்து மணி இருக்கும். எழுபதைத் தாண்டிய ஒருவர் மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துத் திறந்தார். 1930களின் டெனர், கழுத்து பிற்பாடு மாற்றியது, பாட் மட்டும் அசல். (வட்டப் பகுதி முழுவதையும் அங்கே பாட் என்றுதான் சொல்வார்கள், நம் பானையேதான்.) சுற்றி நின்ற ஐந்து பேரின் பேச்சு அப்படியே அடங்கியது.

உடனே யாரும் கை வைக்கவில்லை. "வாசிக்கலாமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் முதல் ஆள் நகர்ந்தார். அவர் செய்த முதல் காரியம் பெல்ட்டின் பக்கிளை இடுப்புப் பக்கமாகத் திருப்பிக்கொண்டது. ரெசனேட்டரின் முதுகில் பக்கிள் உரசினால் தொண்ணூறு வருட வார்னிஷில் கோடு விழும். இரண்டாவது, சட்டைப்பையிலிருந்து சொந்த பிக்குகளை எடுத்து மாட்டியது. பிக் மாறினால் ஒலி மாறும். ஒப்பிட வேண்டும் என்றால் தன் பக்கம் எதுவும் மாறக் கூடாது.

பிறகு மூன்றாம் தந்தியை, விரல் எதுவும் வைக்காமல், ஒரே தடவை தட்டிவிட்டு அது சாகும் வரை சும்மா இருந்தார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது சுருதி பார்ப்பதுபோலத் தெரியும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. பாஞ்சோவில் மூன்றாம் தந்திதான் பொய் சொல்லாது. மட்டமான கருவியில் அது டொப்பென்று ஓட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்கும், அல்லது வெறும் தகரச் சத்தம் வரும். நல்லதில் சட்டென்று எழும்பி, நடுவில் ஒரு கனம் காட்டி, அடுத்த சுரத்துக்கு வழிவிட்டுச் சீக்கிரமே ஓயும். இந்தச் சீக்கிரம் முக்கியம். வீணையில் நாதம் நீண்டு ஒலிப்பதை ரசிப்போம். ஒரு நொடிக்குப் பத்துச் சுரங்களுக்கும் மேல் உருட்டுகிற இந்த வாசிப்பில் ஒரு சுரம் நீண்டு கிடந்தால் அடுத்ததன் காலை மிதிக்கும். அதற்காக உடனே செத்தாலும் மெதுவான பாட்டுக்கு ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் சோதனை.

அடுத்து நான்காம் தந்தி. அதன்பின் நிதானமாக ஒரு ரோல் (மூன்று விரலால் சுரங்களை உருட்டுவது), அதையே வேகத்தில். பிறகு கழுத்தின் மேல்பக்கம், பன்னிரண்டாம் மெட்டுக்கு அப்பால். பெரும்பாலான பாஞ்சோக்கள் அங்கே போனதும் மெலிந்து கீச்சிடும். அசந்துபோக வைக்கும் பாஞ்சோவில் கீழே இருந்த அதே உடம்பு மேலேயும் இருக்கும். வலக்கையைக் குதிரைக்கு ஒட்டி வைத்து ஒரு முறை, கழுத்துப் பக்கம் நகர்த்தி ஒரு முறை. அதன்பின் பாடகருக்குப் பின்னணி கொடுப்பதுபோல் இரண்டு வெட்டுத் தாளம். கடைசியில் ஒரே ஒரு அடி, முழு பலத்தோடு. மெதுவாகத் தொட்டால் பேசுகிற பாஞ்சோக்கள் நிறைய உண்டு. ஓங்கி அடித்தால் அடித்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்கிறதா, ஒரு கட்டத்துக்கு மேல் கத்திக் குழறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அடித்த அத்தனையும் வாங்கித் தருவதை அவர்கள் பீரங்கி என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கூட்டத்தில் இல்லை.

இவ்வளவும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நெல்லை உள்ளங்கையில் போட்டு ஒரு கடி கடித்து ஈரம் சொல்கிற வியாபாரியின் வேகம்தான்.

கைமாற்றுவது எதற்கு? மரியாதைக்காக மட்டும் இல்லை. பாஞ்சோ ஒலியை முன்னால் எறிகிற வாத்தியம். வாசிப்பவருக்கு அது பக்கவாட்டிலும் பின்னாலும்தான் கேட்கிறது. அதனால் "நீ வாசி, நான் முன்னால் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டு எட்டடி தள்ளிப் போய்க் காது கொடுப்பார்கள். உங்கள் காணொளியை மறுபடி போட்டுப் பாருங்கள். வாசிப்பவரின் முகத்தை விட்டுவிட்டு எதிரில் நிற்பவர்களைக் கவனியுங்கள். கையின் குணமும் இதில் பிரிந்து தெரியும். ஒருவர் கையில் மட்டும் நன்றாகக் கேட்டால் அது அவர் கை. ஐந்து கையிலும் ஒரே மாதிரி ஏதோ ஒன்று வந்தால் அது பாஞ்சோ.

அன்றைக்கு கேலக்ஸில் அந்த ஏதோ ஒன்று வரவில்லை. ஐந்து பேரும் வாசித்தார்கள். "நல்ல பாஞ்சோ" என்றார்கள், கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லாத சாம்பாரை "நல்லாருக்கு" என்போமே, அந்தக் குரலில். உரியவரும் புரிந்துகொண்டு மூடியை இழுத்தார். அப்போது அதுவரை ஒதுங்கி நின்ற ஒருவர், டென்னசிக்காரர், கைபேசி வெளிச்சத்தைக் குதிரைமேல் அடித்தார். குதிரை கழுத்துப் பக்கமாக ஒரு நூல் சாய்ந்திருந்தது. கட்டைவிரலால் தோலை அமுக்கிப் பார்த்து, "கொஞ்சம் சரிபண்ணட்டுமா?" என்று கேட்டார். கிழவர் யோசித்தார். அடுத்தவர் பாஞ்சோவில் சாவி போடக் கேட்பது பெரிய கேள்வி. கடைசியில் சரி என்றார்.

ரெசனேட்டரின் நான்கு கைத்திருகாணிகளைக் கழற்றி மூடியைத் துண்டின்மேல் வைத்தார்கள். கொக்கிகளின் நட்டுகளை எதிரெதிராக, ஒன்றுக்கு அரைக்கால் திருப்பு வீதம், இரண்டு சுற்று. தோலில் விரலால் சுண்டிச் சுருதி கேட்டுக் கேட்டு. பிறகு குதிரையை நிமிர்த்தி, பன்னிரண்டாம் மெட்டில் விரலால் தொட்டும் தொடாமலும் ஒலி எடுத்து, அழுத்திய சுரமும் அதுவும் ஒன்றாகும் இடத்துக்கு மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். கால்மணி நேரம். மூடியை மாட்டி முதலில் வாசித்தவரிடமே நீட்டினார். மனிதர் மூன்றாம் தந்தியை ஒரு முறை தட்டினார். உரக்கச் சிரித்துவிட்டார், பக்கத்துக் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று நீங்கள் கேட்டால், எனக்கு இதுதான். ஒரே பாஞ்சோவைத் தோல், குதிரை, பின்னால் தந்தியைப் பிடிக்கும் டெயில்பீஸின் உயரம், கழுத்து வட்டப் பகுதியில் பொருந்தும் இடம் இவற்றால் மட்டுமே அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றலாம். மேசையில் நான் வாராவாரம் பார்ப்பது அது. தோல் தளர்ந்தால் சத்தம் கொழகொழக்கும், அளவுக்கு மீறினால் உயிர்போய் மெலியும். இன்னும் மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் நானே சாட்சி: ஆரம்பத்தில் ஒரு வாடிக்கையாளரின் தோலை "இன்னும் ஒரு கால் திருப்பு" என்று ஆசைப்பட்டு முடுக்கினேன். துப்பாக்கி வெடித்ததுபோல் கிழிந்தது. புதுத் தோல் என் காசு.

இதையெல்லாம் சமன் செய்த பிறகும் பழைய ஃபிளாட்ஹெட்டில் மிச்சம் ஏதாவது நிற்கிறதா? என் காது நிற்கிறது என்கிறது. என் காதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம். வளையத்தின் உலோகக் கலவை ஒலியைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமில்லை; அந்தக் காலத்து வளையங்களைச் சோதனைச் சாலையில் பகுத்து, அதே கலவையில் வார்த்து விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மரம் பல்லாண்டுகளில் காய்ந்து சுருங்கும், அதனால் வளையம் உட்காரும் பிடி மாறும், இதுவும் கண்ணால் பார்க்கக்கூடியது. ஆனால் "எண்பது வருடம் அதிர்ந்து அதிர்ந்து உலோகம் திறந்துகொண்டது" என்று சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 2004இல் இயற்பியலுக்கான நோபல் பெற்ற டேவிட் பொலிட்சர் பாஞ்சோ பிரியர். கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து இந்த வாத்தியத்தின் ஒலியைப் பற்றியே ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். வட்டப் பெட்டியும் தோலும் தந்தியும் செய்கிற வேலையையே ஒவ்வொன்றாகப் பிரித்து விளங்கிக்கொள்ள அவருக்கு இத்தனை கட்டுரைகள் தேவைப்பட்டிருக்கின்றன. நாம் புல்வெளியில் நின்றுகொண்டு உலோகம் திறந்தது என்று தீர்ப்புச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

வயலின்காரர்களுக்கு இதில் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களிடம் மூன்று பழையதும் மூன்று புதியதும் கொடுத்தார்கள். பழையவற்றில் இரண்டு, உலகப் புகழ்பெற்ற இத்தாலிய வயலின்களான ஸ்ட்ராடிவாரியஸ். மங்கலான அறை, கண்ணில் வெல்டிங் கண்ணாடி, மர வாசனையை மறைக்க முகவாய்க் கட்டையில் வாசனைத் திரவியம். அதிகம் பேர் விரும்பியது ஒரு புது வயலினை; யாருக்கும் பெரிதாகப் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். கேலக்ஸ் வட்டத்தில் எவரும் கண்ணைக் கட்டிக்கொள்வதில்லை. பெட்டி திறந்தபோதே பேச்சு அடங்கியதைச் சொன்னேன் அல்லவா, அந்த அமைதியும் சேர்ந்துதான் காதுக்குள் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பாஞ்சோ என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே ஸ்க்ரக்ஸும் அவர் வழி வந்தவர்களும் போட்ட இசைத்தட்டுகள். அவர்களில் பலர் கையிலும் போருக்கு முந்தைய கிப்சன்தான் இருந்தது, ஜே. டி. குரோவிடம் ஓர் ஆர்பி-75, சானி ஆஸ்பார்னிடம் ஒரு கிரனாடா. அந்த ஒலியைக் கேட்டே வளர்ந்த காது, அந்த ஒலி வந்ததும் வீடு வந்துவிட்டது என்று சொல்லத்தான் செய்யும். இது ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா கைக்குழம்பை வைத்து மற்றக் குழம்புகளை அளக்கிறோம். அம்மா குழம்பை எதை வைத்து அளப்பது?

பட்டறையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், பணம் போட நினைக்கிறவர்களுக்காக. இந்த பாஞ்சோக்களின் பாகங்கள் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. ஸ்க்ரக்ஸின் கிரனாடாவிலேயே விரல்பலகை உட்படச் சில பாகங்கள் மாற்றப்பட்டவை. தொழிற்சாலை ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் கொடுத்து, சட்டத்தின் உட்புறத்திலும் ரெசனேட்டருக்குள்ளும் குறித்தது. 9584-3 என்றால் அந்தத் தொகுதியில் மூன்றாவது. ஒருவர் "முழுக்க அசல் பாட்" என்று வாங்கிய ஒன்றைத் தந்தி மாற்றக் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றினேன். இரண்டு எண்களும் ஒட்டவில்லை. வளையம் உட்காரும் விளிம்பில் மரம் வெளுப்பாக, புதிதாகச் சீவியதுபோல் இருந்தது. அங்கே அழுக்கும் பழுப்பும் ஏறியிருக்க வேண்டும். வளையம் பிற்காலத்தில் வார்த்தது. சொன்னேன். அவர் வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூடிடுங்க" என்றார். வேடிக்கை என்னவென்றால், நான் மேசையில் பார்த்தவற்றில் நன்றாக ஒலித்த மூன்று நான்கில் அதுவும் ஒன்று. அவர் கொடுத்த காசில் பெரும்பகுதி கதைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். வளையத்தையும் எண்ணையும் கண்ணால் பார்க்காமல் படத்தை வைத்து அசல் என்றோ போலி என்றோ யார் சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கைபேசியில் பதிவான ஒலியை வைத்து முடிவெடுப்பதும் அப்படித்தான். ஓங்கி அடித்த சுரத்தையும் மெல்லத் தொட்டதையும் அது ஒரே உயரத்துக்குத் தட்டையாக்கிவிடும். அந்தக் கலைஞர்கள் தேடுவதே அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை.

நீங்கள் வாங்க வேண்டியது என்ன என்பதற்கு என் பதில் சின்னது. 2010 மே மாதம் நாஷ்வில்லில் வெள்ளம் வந்து கிப்சனின் பாஞ்சோ தயாரிப்பு நின்றுபோனது. அதற்கு முந்தைய இருபது வருடங்களில் அவர்கள் செய்தவை பழைய கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன, நல்ல கருவிகள். கலிஃபோர்னியாவில் 1975இலிருந்து டீரிங் என்ற நிறுவனம் பாஞ்சோ செய்கிறது. அவர்களின் மலிவான மாடலில் டோன் ரிங்கே இருக்காது, ஆனாலும் கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். கழுத்து நேராக இருக்கிறதா, மெட்டுகள் தேயாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மிச்சப் பணத்தில் இரண்டு மூன்று நல்ல குதிரைகளும் கொக்கி நட்டுக்கான சாவியும் வாங்கி, நீங்களே மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். தோலை முடுக்கும்போது என் ஞாபகம் வரட்டும்.

ஒரு வருடம் கழித்து கேலக்ஸ் பக்கம் போகிற வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் புல்வெளியில் நடந்தால் எங்காவது ஒரு பெட்டி திறந்திருக்கும். கேட்டால் கொடுப்பார்கள், புதியவர்களுக்கும் கொடுப்பார்கள். சொந்த பிக்குகளைக் கொண்டுபோங்கள். பக்கிள் இல்லாத பெல்ட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்.